பதில் சொன்ன விரல்

அத்தியாயம் ஒன்பது

நன்னிலம் போகிற வழியெல்லாம் அழுகின சம்பாப் பயிரின் வாடை. கார்க் கண்ணாடியை ஏற்றினால் புழுங்கிற்று, இறக்கினால் நாறிற்று. தமிழ்மாறன் பாதிக்கு ஏற்றிவைத்து, இரண்டு தொல்லையையும் சேர்த்தே அனுபவித்தபடி ஓட்டினான். மாலைப் பத்திரிகை நிருபர் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஃபஹ்மிதாவிடம் வந்து சேர்ந்த நாள் முதல் அவன் பிழைப்பே இந்தப் பாதிக் கண்ணாடிதான்.

பக்கத்து இருக்கையில் ஃபஹ்மிதா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று யாராவது நம்பிப் பேசினால் அது அவர்கள் தலைவிதி. கூத்தாநல்லூரில் பிறந்து, தஞ்சாவூரில் ஒரு மாடி அறையில் தொழில் நடத்துகிறவள். பேச்சு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் தமிழ்மாறனை வைத்திருக்கிறாள் என்று அவனே எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

பின்னிருக்கையில் செழியன். போலீஸ் ஒயர்லெஸ்ஸில் ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். இப்போது வெள்ளக் காப்பு வாரியத்தில் புது டிஜிட்டல் செட்டுகளைப் பழக்கிக் கொடுக்கிற பயிற்சியாளர். இந்த வழக்கை ஃபஹ்மிதாவிடம் கொண்டுவந்தவர் அவர்தான். வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த எழில்மொழி அவருடைய ஒரே மகள். நாளைக் காலையில் அவளைக் கைது செய்யப்போகிறார்கள்.

நேற்று அவர் அலுவலகத்துக்கு வந்தபோது ஃபஹ்மிதா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தேடினால் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் சொல்வேன், பிடித்தமானதை மட்டும் பொறுக்கிச் சொல்ல மாட்டேன், சம்மதமா என்று கேட்டாள். செழியன் மேஜை விளிம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். ஆமாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் மனிதர் நொந்துபோயிருக்கிறார் என்று தமிழ்மாறனுக்குப் பரிதாபமாக இருந்தது. அப்புறம் அவரே கீழே போய் மூன்று பேருக்கும் வேர்க்கடலை வாங்கிவந்தார். அந்த வேர்க்கடலையோடு தமிழ்மாறன் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

நடந்தது இதுதான். ஐப்பசி கடைசியில் மழை ஊற்றித் தள்ளிய நாளில், ஏழுகண் மதகுக்குக் கீழே இருக்கிற கீழத்திட்டுக் குடிசைகளைத் தண்ணீர் சூழ்ந்துகொண்டது. மீட்புப் படையைச் சேர்ந்த செந்தாமரை என்ற பெண், ஆற்றின் குறுக்கே கயிறு கட்டிக் குடும்பம் குடும்பமாகக் கரையேற்றிக்கொண்டிருந்தாள். மதகை மட்டும் திறக்க வேண்டாம், நாங்கள் ஆற்றுக்குள் நிற்கிறோம் என்று தன் செட்டில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் மதகு திறந்தது. குழந்தையை மேலே தூக்கிக் கொடுத்தவளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

செந்தாமரை ஏன் மதகுக்கே நேராகச் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து தமிழ்மாறனுக்குப் பிடிபடவில்லை. காரில் வரும்போது செழியன் பொறுமையாக விளக்கினார். மீட்புப் படையின் செட்டு ஒரு முறையில் செய்தது, வாரியத்தின் செட்டு வேறொரு முறையில் செய்தது. இரண்டும் டிஜிட்டல்தான், இரண்டும் நல்ல சாமான்தான். ஆனால் ஒன்றின் பேச்சு மற்றதன் காதில் ஏறாது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டுக்கும் தனித்தனி மேஜைச் செட்டு உண்டு. இடது காதில் கேட்டதை வலது பக்கத்து மைக்கில் வாயால் திருப்பிச் சொல்ல ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அதாவது சார், ரெண்டு சம்பந்தி. ஒரே பந்தல்ல உக்காந்திருக்காங்க, பேச்சுவார்த்தை கிடையாது. நடுவுல ஒரு பொண்ணு ஓடி ஓடி இங்க சொன்னதை அங்க சொல்லணும்" என்றான் தமிழ்மாறன்.

"அந்தப் பொண்ணுதான் தம்பி எம்பொண்ணு" என்றார் செழியன்.

தமிழ்மாறன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

எழில்மொழி செய்தியைக் கேட்ட உடனே மதகுக்குச் சொல்லிவிட்டாள். அது பதிவாகியிருக்கிறது. மதகிலிருந்து பதில் வந்ததா என்பதுதான் சிக்கல். யாரும் பேசவில்லை, 'பீப் பீப்' என்று இரண்டு தடவை மட்டும் வந்தது, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன் என்பது அவள் வாக்குமூலம். பதிவுப் பெட்டியில் அந்த இரண்டு 'பீப்' இல்லை. வாரியம் வாங்கியது குரலை மட்டும் பதிகிற பெட்டி. மற்றதெல்லாம் பதிகிற பெட்டி அடுத்த வருஷத்துத் திட்டத்தில் இருந்தது. அதனால் அவள் கதை கட்டுகிறாள், பதில் வராத செய்தியை மறுபடி சொல்லாமல் ஒரு உயிரைக் கொன்றாள் என்று விசாரணை முடிந்துவிட்டது.

"மேஜைச் செட்டுல திரை இருக்குமே சார். பீப் வந்தப்ப அதுல எந்தச் செட்டு நம்பர் வந்துச்சுன்னு உங்க பொண்ணு பாக்கலியா?" ஃபஹ்மிதா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"பாக்கலன்னுதான் சொல்றா."

"மூக்குக்கு நேரா இருக்கற திரை" என்றாள் ஃபஹ்மிதா.

மதகின் பொறுப்பு இளநிலைப் பொறியாளர் அறிவுச்செல்வனிடம் இருந்தது. நன்னிலத்துக்கு வெளியே, வெள்ளம் புகுந்து வடிந்திருந்த ஒரு தெருவில் அவர் வீடு. வாசலுக்கு வாசல் பாயும் மெத்தையும் காய்ந்தன. முன்னறையில் உட்காரவைத்து, கேட்பதற்கு முன்னாலேயே அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அன்று காலையிலிருந்து இருட்டும்வரை மதகை விட்டு ஒரு அடி நகரவில்லை. செட்டு இடுப்பிலேயே இருந்தது. தலைமையிடத்திலிருந்து திறக்கச் சொல்லி போன் வந்தது, ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கரைத் திறக்கச் சொன்னேன். மேலே உடைப்பு எடுத்திருந்தால் பத்து ஊர் போயிருக்கும்.

கட்டுப்பாட்டு அறையின் செய்தி வரவில்லையா என்று ஃபஹ்மிதா கேட்டாள்.

"வந்துச்சுங்க, இல்லேங்கல. ஆனா கரகரன்னு ஒரே இரைச்சல். யாரோ பேசறாங்கன்னு தெரியுது, என்னன்னு புரியல. மழையில சிக்னல் தேஞ்சு தேஞ்சு போயிடுச்சு."

ஃபஹ்மிதா செழியன் பக்கம் திரும்பினாள். "இந்தச் செட்டு இரையுமா சார்?"

செழியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் இரண்டு நாளில் முதல்முறையாக ரத்தம் ஓடியதைத் தமிழ்மாறன் பார்த்தான். "இரையாது. வந்தா தெளிவா வரும், சிக்னல் போச்சுன்னா வெட்டி வெட்டி வரும், இல்லாட்டி சுத்தமா வராது. கரகரப்பெல்லாம் பழைய செட்டோட போச்சு. இவருக்கு நானே கிளாஸ் எடுத்திருக்கேன்."

அறிவுச்செல்வன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமிழ்மாறன் முந்திக்கொண்டான். அவன் அதுவரை சன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், உங்க தெருவுல நிக்கற அத்தனை வண்டிக்கும் வெள்ளம் சேத்துல அரைஞாண் கட்டி விட்டிருக்கு. எதிர்வீட்டு ஆட்டோவுக்கு இருக்கு, பக்கத்து வீட்டு வேனுக்கு இருக்கு. உங்க புதுக் கார் மட்டும் மணவறைக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா நிக்குது. மதகை விட்டு நகராத ஆளோட காரு, தானா மேடு தேடிப் போச்சா?"

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. மதியம் தெருவுக்குள் தண்ணீர் வருகிறது என்று வீட்டிலிருந்து போன் வந்ததும் மனிதர் ஓடிவந்து காரை எடுத்துக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். தலைமையிடத்து போன் அங்கேதான் வந்தது. அங்கிருந்தே லஸ்கருக்குப் போனில் சொல்லித் திறக்கவைத்தார். செட்டு மதகு ஷெட்டின் மேஜைமேல் கிடந்தது. யாரிடமும் ஒப்படைக்கவில்லை. இதைச் சொல்லி முடித்தபோது அவர் அழுதுகொண்டிருந்தார். தமிழ்மாறனுக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை.

வெளியே வந்ததும் செழியன் ஃபஹ்மிதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் மேடம். ஆளில்லாத மேஜைக்குச் சேதி போயிருக்கு. இதைச் சொன்னா எம்பொண்ணு வெளிய வந்துருவா."

"ஆளில்லாத மேஜை பொத்தானை அமுக்காது சார். யாரோ ரெண்டு தடவை அமுக்கியிருக்காங்க" என்றாள் ஃபஹ்மிதா. "மதகுக்குப் போவோம்."

ஏழுகண் மதகு ஆற்றின் குறுக்கே பாசி பிடித்து நின்றது. மேலே ஷட்டர்களை ஏற்றி இறக்கும் இரும்புச் சக்கரங்கள். கூப்பிட்டால் கேட்கிற தொலைவில் தகரக் கூரை போட்ட ஷெட். கீழே ஆகாயத்தாமரை மண்டிக்கிடந்தது. லஸ்கர் மருதையன் அந்தப் பக்கம் பார்க்காதபடி முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். செந்தாமரையின் உடலை அந்தச் செடிகளுக்குள்ளிருந்து எடுத்தவர் அவர். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஷெட்டருகே மணல்மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஜாஃபர் சாதிக் மெல்லச் சொன்னார்.

"நான் தெறந்த தண்ணிங்க" என்றார் மருதையன். அதை மட்டும்தான் அவராகச் சொன்னார்.

மற்றதை ஃபஹ்மிதா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். மழைக்கு ஒதுங்கி அன்று ஷெட்டில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். எல்லாருக்கும் வாரியம் கொடுத்த ஒரே மஞ்சள் மழைக்கோட்டு. தொப்பியை இழுத்துவிட்டால் ஆள் தெரியாது. ஜாஃபர் சாதிக்கும் இருந்தார். இன்ஜினியர் போன பிறகு யாரோ மேஜையோரம் உட்கார்ந்திருந்தார், அவர் முதுகைத்தான் பார்த்தேன் என்றார் மருதையன். செட்டு பேசிக்கொண்டுதான் இருந்தது, மழை இரைச்சலில் வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

"கஞ்சி குடிக்க உள்ள வந்தப்ப ஒண்ணு கேட்டுச்சு. செட்டு ஏதோ சொல்லும், உடனே டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். திரும்பச் சொல்லும், திரும்ப டொக்கு டொக்கு. அது என்னமோ செட்டு பண்ற சத்தம்னு நெனச்சேன்."

ஃபஹ்மிதா தமிழ்மாறனைத் தனியாகக் கரைப்பக்கம் கூட்டிப்போனாள். செழியன் காரிலிருந்து செட்டுகளை எடுத்து பேட்டரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய செட்டு வெச்சிருந்தவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, மாறன். ஒவ்வொரு சேதிக்கும் 'கேட்டுச்சு'ன்னு வாயால சொன்னா லைன் அடைபடும். அதனால பொத்தானை ரெண்டு தட்டுத் தட்டிட்டு விட்டுருவாங்க. பழைய செட்டுல யார் தட்டினதுன்னு யாருக்கும் தெரியாது. புதுசுல பேசினாலும் பேசாட்டியும், தட்டின உடனே அந்தப் பக்கம் பீப்னு கேக்கும், செட்டோட நம்பர் திரையில போய் நிக்கும்."

"அப்ப நமக்கு வேண்டியது நம்பர்."

"நம்பர் இந்த மதகுச் செட்டோடதுதான், அதுல சந்தேகமில்ல. வேண்டியது விரல்."

ஏற்பாட்டை அவள் சுருக்கமாகச் சொன்னாள். விசாரணை அதிகாரியிடம் பேசி, அன்று பகல் முடியும்வரை எழில்மொழியைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விட அனுமதி வாங்கியிருக்கிறாள். ஃபஹ்மிதாவும் அங்கே போய்விடுவாள். இங்கே எல்லார் கையிலும் ஆளுக்கொரு செட்டு. மழையில் சிக்னல் தேய்ந்ததா என்று சோதிப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து நீர்மட்டம் வாசிப்பார்கள், யாரும் பதில் சொல்லத் தேவையில்லை, வெறுமனே கேட்டால் போதும்.

"மூஞ்சியப் பாக்காதீங்க. கட்டை விரலப் பாருங்க."

"யாரோட விரல?"

"செட்டு கையில இருக்கற அத்தனை பேரோடதும்" என்று சொல்லிவிட்டு அவள் வாரியத்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

தமிழ்மாறன் தன் மனசுக்குள் ஜாஃபர் சாதிக்கின்மேல் பந்தயம் கட்டினான். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் வேலை பார்த்துத் திரும்பியவர். அங்கே வாக்கி டாக்கி இல்லாமல் ஒரு நாளும் விடிந்திருக்காது. செட்டை வாங்கிய விதமே சொல்லிற்று. மருதையன் அதைத் தேளைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்க, ஜாஃபர் ஒரே கையில் வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டார். அறிவுச்செல்வனையும் வரவழைத்து, பேயறைந்த முகத்தோடு ஒரு மூட்டைமேல் உட்காரவைத்திருந்தார்கள். செழியன் எல்லாருக்கும் சேனலைச் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, மதகுச் செட்டைத் தானே வைத்துக்கொண்டு ஷெட்டின் கதவோரம் நின்றார்.

சாயங்கால வெயில் தண்ணீர்மேல் விழுந்திருந்தது. செட்டுகள் ஒன்றாகப் பேசின. முதலில் யாரோ ஒரு ஆண்குரல். மேலணையில் இத்தனை அடி, கீழணையில் இத்தனை அடி. தமிழ்மாறன் ஜாஃபரின் விரலையே பார்த்தான். விரல் அசையவில்லை. மறுபடி நீர்மட்டம். ஜாஃபர் கொட்டாவி விட்டார். அப்புறம் ஃபஹ்மிதாவின் குரல், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிறவளின் சலிப்போடு அதையே வாசித்தது. மருதையன் கண்ணை மூடிவிட்டார். அறிவுச்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த யோசனை பலிக்கவில்லை, மேடத்துக்கு ஆறுதல் சொல்ல ஏதாவது ஜோக் தயார்செய்ய வேண்டும் என்று தமிழ்மாறன் நினைத்தான்.

அப்போது ஒரு பெண்குரல் வந்தது. மெல்லிய, தெளிவான, வேலையில் பழகிய குரல்; எழில்மொழிதான். "ஏழுகண் மதகு, கட்டுப்பாட்டு அறை. மேல்மட்டம் குறைஞ்சுட்டு வருது. கரையில ஆள் வெச்சுக்கங்க. ஓவர்."

டொக். டொக்.

சத்தம் ஜாஃபரிடமிருந்து வரவில்லை. தமிழ்மாறனின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் திரும்பினான். கதவோரம் நின்ற செழியனின் கட்டை விரல் பொத்தானிலிருந்து விலகிக்கொண்டிருந்தது. மனிதர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் அழுத்தியது அவருக்கே இன்னும் தெரியவில்லை. தமிழ்மாறன் தன் கையையே பார்ப்பதைக் கண்ட பிறகுதான் அவரும் குனிந்து பார்த்தார்.

அந்த மேஜை விளிம்பும் இரண்டு தட்டும் அப்போதுதான் தமிழ்மாறனுக்கு நினைவு வந்தன. அவர் வாங்கிவந்த வேர்க்கடலையின் மிச்சம் இன்னும் அவன் சட்டைப் பையில் இருந்தது.

"சார், நீங்களா" என்றான்.

செழியன் மறுக்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்தார். அன்று பேட்டரி கொடுக்க வந்தவர், இன்ஜினியர் இல்லாமல் செட்டு அனாதையாகக் கிடப்பதைப் பார்த்து, அவர் வரும்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். காலையிலிருந்து நனைந்த அசதி. செட்டு நீர்மட்டம் நீர்மட்டம் என்று ஒரே பாட்டைப் பாடியது. அவர் கண் செருகியது.

"அந்தச் சேதி எங்காதுல விழுந்துச்சான்னே எனக்குத் தெரியல தம்பி. எல்லாத்துக்கும் கை பாட்டுக்கு அமுக்கிட்டே இருந்திருக்கு. பொத்தானை அமுக்கினா நம்பர் போவும், சும்மா அமுக்காதீங்க, சேதியத் திருப்பிச் சொல்லுங்கன்னு ஊரெல்லாம் கிளாஸ் எடுத்தவன் நான். வாய் சொல்லிக் குடுத்துச்சு, வெரல் கத்துக்கல. அவ வாக்குமூலத்துல ரெண்டு பீப்னு படிச்சப்பதான் எனக்கே உறைச்சுச்சு."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சார் எங்ககிட்ட வந்தீங்க?"

"வேற யாரையாவது கண்டுபிடிச்சுக் குடுப்பீங்கன்னு."

மருதையன் எழுந்து வந்தார். கையிலிருந்த செட்டை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "இந்தா இருக்கு சக்கரம். ஒரு குரல் குடுத்திருந்தா போதுமே சார். அதுலேருந்து கைய எடுத்திருப்பேனே" என்றார். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று தமிழ்மாறனுக்கு இருந்தது.

அவன் போன் அடித்தது. ஃபஹ்மிதா.

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம்."

"இங்கயும் ஒண்ணு பாத்தேன். ரெண்டு பீப் வந்த உடனே, திரைல நம்பர் தெரியறதுக்குள்ள அந்தப் பொண்ணு உள்ளங்கையால திரையை மூடிடுச்சு. யோசிச்சு மூடல, கை தானாப் போச்சு. அன்னிக்கும் அவ பாத்திருக்கா, மாறன். மதகு நம்பரைச் சொன்னா, யார் கையில இருந்துச்சுன்னு தோண்டுவாங்க. பீப்பு வந்த தாளத்துலயே அது யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. சின்ன வயசுலேருந்து கேட்ட தட்டுதானே. இன்னமும் பாக்கலன்னுதான் சொல்றா. நாளைக்கு ஜெயிலுக்குப் போகத் தயாரா உக்காந்திருக்கா."

தமிழ்மாறன் போனை மூடிவிட்டு, அதை அப்படியே செழியனிடம் சொன்னான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மேஜையில் தட்டிச் சம்மதித்தது இவர்தானே என்று சொல்லிவிட்டான்.

செழியன் எழுந்தார். மழைநாளில் உட்கார்ந்திருந்த அதே மேஜைக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். மதகுச் செட்டை வாய்க்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்திக்கொண்டு, வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"கட்டுப்பாட்டு அறை, ஏழுகண் மதகு. பயிற்சியாளர் செழியன் பேசறேன். வெள்ளத்தன்னிக்கு நீங்க அனுப்பின சேதி இந்தச் செட்டுக்கு வந்து சேந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கினது நான். சேதிய நான் யாருக்கும் சொல்லல. ஓவர்."

செட்டில் இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. பழைய செட்டாக இருந்தால் அந்த மௌனத்தை நிரப்ப அதுவாவது இருந்திருக்கும்.

"ஏழுகண் மதகு, கட்டுப்பாட்டு அறை." எழில்மொழியின் குரல் துல்லியமாக வந்தது. "உங்க சேதியத் திருப்பிச் சொல்றேன். பயிற்சியாளர் செழியன். வெள்ளத்தன்னிக்கு அனுப்பின சேதி வந்து சேந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கினது... நீங்க. சேதிய யாருக்கும் சொல்லல."

அவள் பொத்தானை விடவில்லை. இந்தப் பேச்சு குரல் பதியும் பெட்டியில் விழுகிறது என்பது அவளுக்கும் தெரியும்.

"வேற யார் அமுக்கியிருந்தாலும் திருப்பிச் சொல்லச் சொல்லியிருப்பேன்ப்பா. நீங்கன்னு தெரிஞ்சதால விட்டுட்டேன். ஓவர்."

செழியனின் கட்டை விரல் பொத்தான்மேல் போயிற்று. தமிழ்மாறன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் இரண்டு தட்டுக்குத் தயாராகி, நின்றது. பிறகு ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தது.

"கேட்டுச்சும்மா" என்றார் செழியன்.